ஈறுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடும் பல்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் வந்திருக்கின்றன. அவற்றின் மேல் பழுப்புத் திட்டுகளும் சிறுசிறு குழிகளும் தெரிகின்றன. சாப்பாட்டில் ஏதோ குறை என்று நினைத்துக் கால்சியம் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறீர்கள். கொடுத்தால் சரியாகுமா, பொதுவாகவே வளரும் விலங்கின் பல்லை உணவு எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குழிகள் எந்த மாத்திரையாலும் நிரம்பாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஏன் நிரம்பாது என்று புரிந்துகொண்டால், உணவுக்கும் பல்லுக்கும் உள்ள உறவில் முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல்லின் மேல்பூச்சான எனாமல், உடலிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்புதான். அதைக் கட்டுபவை அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள். பல் ஈறுக்குள் மொட்டாக இருக்கும்போது இவை முதலில் ஒரு புரதச் சட்டத்தைப் போடும், பிறகு அதில் கால்சியமும் பாஸ்பரஸும் படிகங்களாகச் சேரும், கடைசியில் புரதத்தைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த இடத்தையும் தாதுவால் நிரப்பும். வேலை முடிந்து பல் ஈறைத் துளைத்து வெளியே வரும்போது இந்தச் செல்கள் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பல்லில் புது எனாமல் போட ஆளே இல்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமலுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே இருக்கும் டென்டின் கொஞ்சம் பரவாயில்லை. அதைக் கட்டும் செல்கள் பல் உயிரோடு இருக்கும்வரை உள்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லப் படலம் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் அவையும் ஏற்கெனவே போட்டதைத் திருத்துவதில்லை.

நாயின் நிரந்தரப் பற்களில் எனாமல் உருவாவது, குட்டி பிறந்த சில வாரங்களிலிருந்து மூன்று, நான்கு மாதம் வரை. நீங்கள் இன்று பார்க்கும் குழி அந்தக் காலத்தில் விழுந்தது. அப்போது குட்டி உங்களிடம் வந்திருந்ததா என்பதே சந்தேகம். ஆகவே இப்போது தட்டில் இருப்பதை வைத்து உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். விசாரிக்க வேண்டியது அந்த முதல் மாதங்களைத்தான்: தாய் என்ன சாப்பிட்டது, குட்டி எப்போது பால் மறந்தது, அதன் பிறகு என்ன கொடுத்தார்கள், காய்ச்சல் ஏதும் வந்ததா.

இந்தத் துறையில் முதல் தெளிவு நாய்க்குட்டிகளிடமிருந்துதான் வந்தது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் பிரிட்டனில் எட்வர்டு மெல்லன்பி என்ற மருத்துவர், குழந்தைகளின் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தைத் தேடி நாய்க்குட்டிகளுக்கு வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மே மெல்லன்பி அதே குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தார். சில குட்டிகளுக்குப் பல் தாமதமாக முளைத்தது, வரிசை கோணலாக இருந்தது, எனாமல் மெலிந்து சொரசொரப்பாக இருந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்த குட்டிகளுக்குப் பல் நன்றாக அமைந்தது. 1918-இல் அவர் இதை வெளியிட்டார். அப்போது வைட்டமின் டி என்று ஒன்றுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அந்தப் பெயர் 1920-களில்தான் வந்தது. எலும்புக்காக நடந்த ஆராய்ச்சியில் பல்லைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அந்தக் கவனம்தான் பெரிய விஷயம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்த ஆராய்ச்சிக்கு நாயைத் தேர்ந்தது இன்னொரு விதத்திலும் பொருத்தமாக அமைந்துவிட்டது. மனிதர்களும் ஆடு மாடுகளும் வெயிலில் நின்றால் தோலிலேயே வைட்டமின் டி தயாரித்துக்கொள்வார்கள். நாயாலும் பூனையாலும் தேவையான அளவு அப்படித் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். அதனால் உணவில் இருந்த குறை நாய்க்குட்டியின் வாயில் நேரடியாகத் தெரிந்தது. அதோடு அந்தக் குட்டிகள் சாப்பிட்ட ஓட்ஸ் போன்ற தானியங்களில் ஃபைடிக் அமிலம் உண்டு. அது குடலில் கால்சியத்தைப் பிடித்துவைத்து உடலுக்குள் போகவிடாமல் செய்யும். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால் உடல் சமாளித்துவிடும், அதுவும் குறைந்தால் இரண்டு அடி சேர்ந்து விழும்.

கால்சியம் என்றதும் எல்லோரும் நேராகப் பல்லைத்தான் நினைக்கிறார்கள். உடல் கணக்குப் போடும் விதம் வேறு. இரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் தசையும் நரம்பும் இதயமும் தடுமாறும். உணவில் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொண்டுவரும். முளைத்த பல்லிலிருந்து அப்படி எடுக்க முடியாது. எனாமலுக்கு இரத்த ஓட்டமே இல்லை, டென்டினும் எலும்பைப் போலக் கரைந்து புதிதாகும் திசு அல்ல. ஆகவே சினையாக இருக்கும் தாயின் பல்லிலிருந்து குட்டி சுண்ணாம்பை உறிஞ்சிவிடும் என்ற பேச்சு தவறு. வெறும் கால்சியம் குறைவில் முதலில் அடிபடுவது பல் உட்கார்ந்திருக்கும் தாடை எலும்பு.

இறைச்சியை மட்டும் கொடுத்து வளர்க்கும் குட்டிகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். எலும்பில்லாத சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கும். வளரும் விலங்குக்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை. சதை மட்டுமே சாப்பிடும் பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். நோய் முற்றினால் தாடை ரப்பர் போல வளையும், பல் ஆடும். அப்போது பல்லை எடுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருந்த எலும்புதான் போயிருக்கும். குதிரைக்குத் தவிட்டை அளவுக்கு மீறிக் கொடுத்தால் முகம் வீங்கி வருவதும் இதே கணக்குப் பிசகுதான், தவிட்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம்.

ஆடுகளின் கதையும் இதையே சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் வறட்சிக் காலங்களில் மேய்ச்சல் இல்லாமல் போகும்போது ஆட்டு மந்தைகளுக்குக் கோதுமை மாதிரியான தானியத்தையே தீனியாகக் கொடுப்பார்கள். தானியத்தில் கால்சியம் மிகக் குறைவு. அப்படி வளர்ந்த ஆட்டுக்குட்டிகளில் தாடை எலும்பு நொய்ந்துபோவதும், பற்கள் தாமதமாக முளைப்பதும், கீழ் முன்பற்கள், மேலே பல்லுக்குப் பதிலாக உள்ள கெட்டியான ஈறுத் திண்டோடு சரியாகப் பொருந்தாமல் போவதும் தெரிந்த பிறகு, தானியத்தோடு சுண்ணாம்புக்கல் தூளை 1 முதல் 1.5 சதவீதம் கலப்பது வழக்கமானது. எளிய, மலிவான தீர்வு, ஆனால் குட்டி வளரும்போதே கலக்க வேண்டும். மந்தையில் ஆடுகள் வயதாகும் முன்பே பல் இழந்து புல்லைக் கடிக்க முடியாமல் போகும்போது மேய்ப்பவர் அந்த வருடத்துத் தீனியைப் பார்க்கிறார். அந்த ஆடுகள் குட்டிகளாக இருந்த வருடத்தின் தீனியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைட்டமின் ஏ-யின் கதை வேறு மாதிரி. அது எனாமல் கட்டும் செல்களின் இயல்பையே காக்கிறது. அமெரிக்காவில் வோல்பாக், ஹோவ் என்ற இருவர் 1920-களிலும் 30-களிலும் எலிகளில் இதைக் காட்டினார்கள். வைட்டமின் ஏ இல்லாமல் வளர்ந்த எலியின் வெட்டுப்பல்லில் எனாமல் உறுப்பின் செல்கள் சுருங்கித் தோல் செல்களைப் போலத் தடித்துவிட்டன. வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பல் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்தது. எலியை ஏன் எடுத்தார்கள் என்றால் அதன் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும், சுமார் ஒன்றரை மாதத்தில் பல் முழுவதும் புதிதாகிவிடும். பல் உருவாகும் எல்லாக் கட்டங்களையும் ஒரே பல்லில் அடியிலிருந்து நுனி வரை வரிசையாகப் பார்க்கலாம். நாய்க்கும் மாட்டுக்கும் ஒரு தடவை மட்டும் நடப்பது எலிக்கு ஒவ்வொரு நாளும் நடக்கிறது. குறையைச் சரிசெய்தால் அடுத்து வரும் பகுதி நன்றாக வரும், ஏற்கெனவே கெட்ட பகுதி மேலே நகர்ந்து தேய்ந்து போகும். அந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் எனாமலில் சேரும் இரும்பு. அதனால் இரும்புச் சத்து குறைந்தாலும் எலியின் பல் வெளுக்கும்.

அதே இருவர் கினிப்பன்றியில் வைட்டமின் சி-யைப் பார்த்தார்கள். மனிதனைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது கிடைக்காவிட்டால் டென்டின் கட்டும் செல்கள் ஒழுங்கு குலைந்து வேலையை நிறுத்திவிடும், ஏனென்றால் டென்டினின் அடிச்சட்டமான கொலாஜன் சரியாக உருவாக வைட்டமின் சி வேண்டும். நாய், பூனை, ஆடு, மாடு, முயல் எல்லாம் தாமே தயாரித்துக்கொள்ளும். ஆகவே குட்டி நாயின் பல்லுக்கு என்று வைட்டமின் சி கொடுப்பதில் பயன் இல்லை. எந்த விலங்கு என்று பார்க்காமல் பொதுவாகச் சத்துப் பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் புரதம். பால் குடிக்கும் காலத்தில் தாய் எலிக்குப் புரதம் குறைந்தால் குட்டிகளின் கடைவாய்ப் பற்கள் சிறுத்து, தாமதமாக முளைக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியும் சரியாக வளராது, பின்னாளில் அந்தப் பற்கள் எளிதில் சொத்தையாகும். மெனேக்கரும் நவியாவும் 1970-களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நடந்த தவறு பால்குடிக் காலத்தில், தண்டனை வருவது வளர்ந்த பிறகு. இடைவெளி நீளமாக இருப்பதால்தான் பலர் இந்தத் தொடர்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மொத்தமாகவே பசியில் வளர்ந்தால் என்ன ஆகும்? இதற்கு மறக்க முடியாத பதில் கேம்பிரிட்ஜில் மெக்கன்ஸும் உடன் இருந்தவர்களும் பன்றிகளில் செய்த ஆய்விலிருந்து கிடைத்தது. குட்டிகளுக்குத் தீனியைக் கடுமையாகக் குறைத்து, ஒரு வயது ஆகும்போதும் 5, 6 கிலோவைத் தாண்டாமல் வைத்தார்கள். சாதாரணமாக அந்த வயதில் பன்றி 100 கிலோவைத் தாண்டியிருக்கும். தாடை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது, பற்களோ தாமதமாக என்றாலும் வளர்ந்துகொண்டே இருந்தன. சின்னத் தாடைக்குள் பெரிய பற்கள் நெருக்கியடித்தன. சில திரும்பி நின்றன, சில வெளியே வர இடமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டன. பிறகு தாராளமாகச் சாப்பிடவிட்டும் பல் வரிசையில் விழுந்த குளறுபடி முழுதாகச் சீராகவில்லை. இதன் முதல் முடிவுகளை 1961-இல் வெளியிட்டார்கள். பசி பல்லைச் சிறிதாக்குவதைவிட அதிகமாகத் தாடையைச் சிறிதாக்குகிறது, பல் தன் வடிவத்தை விட்டுக்கொடுப்பது குறைவு. இந்த ஒரு செய்தியை விலங்கு வளர்க்கும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பல்லுக்கும் தாடைக்கும் உள்ள இந்த வித்தியாசம் இன்னொரு இடத்திலும் வெளிப்படுகிறது. சத்து எல்லாம் சரியாக இருந்தும் உணவு மிகக் குழைவாக, மென்மையாக இருந்தால்? 1951-இல் வாட், வில்லியம்ஸ் என்ற இருவர் எலிகளுக்கு ஒரே தீனியைக் கட்டியாகவும் குழைவாகவும் கொடுத்து வளர்த்தார்கள். குழைவானதைச் சாப்பிட்ட எலிகளின் தாடை குறைவாக வளர்ந்தது. 1982-இல் கொருச்சினியும் பீச்சரும் அணில் குரங்குகளில் இதே மாதிரிச் செய்தார்கள். மென்மையான உணவில் வளர்ந்த குரங்குகளின் மேல்தாடை வளைவு குறுகலாக இருந்தது, பற்கள் நெருங்கியும் திரும்பியும் வந்தன. 2004-இல் ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குகளுக்குச் சிலவற்றுக்குப் பச்சையாகவும் காயவைத்தும், சிலவற்றுக்கு வேகவைத்தும் உணவு கொடுத்துப் பார்த்தபோது, வேகவைத்ததைச் சாப்பிட்டவற்றில் முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் சுமார் 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன. மெல்லும் அழுத்தம்தான் தாடை எலும்புக்கு வளரச் சொல்லும் செய்தி. பல்லின் அளவோ ஈறுக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது. செய்தி குறைந்தால் வீடு சிறுக்கும், குடியிருப்பவர் எண்ணிக்கை மாறாது.

அதற்கு வெகு முன்னாலேயே, 1917-இல், ஹோலிஸ்டர் என்ற விலங்கியலாளர் வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த சிங்கங்களின் மண்டையோடுகளையும் கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டுச் சிங்கங்களின் மண்டையோடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். வடிவத்தில் வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கடித்து இழுத்துக் கிழித்துச் சாப்பிடும் தாடைத் தசைகளுக்கு வேலை இல்லாமல் போனதே காரணம் என்று அவர் கருதினார். கூண்டு விலங்குகளின் உணவில் வேறு குறைகளும் அந்தக் காலத்தில் இருந்திருக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் இந்த ஒரு காரணத்தின் மேல் போட நான் தயங்குகிறேன். இருந்தாலும் பின்னாள் ஆய்வுகள் அவர் பார்த்த திசையிலேயே போயிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு நாய்க்குட்டிக்குக் கல் போன்ற எலும்பைக் கொடுத்துவிடாதீர்கள். மெல்ல வேலை கொடுப்பது வேறு, பல்லை உடைப்பது வேறு. குட்டியின் பால் பல் ஊசி போல மெல்லியது. நிரந்தரப் பல் புதிதாக முளைக்கும்போது உள்ளே டென்டின் மெலிந்து, நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் நடுக் கூழறை அகலமாக இருக்கும். கட்டை எலும்பு, மான் கொம்பு மாதிரியான பொருள்களைக் கடித்து மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்து வரும் நாய்கள் ஏராளம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழும் பொருளையே கடிக்கக் கொடுக்கலாம் என்பது நான் எல்லோரிடமும் சொல்லும் எளிய சோதனை.

முயல் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். வெட்டுப்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். நீளமான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் வளரும் வேகத்துக்கு ஈடாகத் தேயும். தானியமும் பருப்பும் உலர்பழமும் கலந்த கலவைத் தீனியைக் கொடுத்தால் முயல் தனக்குப் பிடித்த துண்டுகளை மட்டும் பொறுக்கும். மெல்லும் நேரம் குறையும், பொறுக்கியெடுத்த துண்டுகளில் கால்சியமும் குறைவு. எடின்பரோவில் முயல்களை நான்கு வகைத் தீனியில் 17 மாதங்கள் வைத்துப் பார்த்த ஆய்வில், கலவைத் தீனி சாப்பிட்டவற்றின் கடைவாய்ப் பற்கள் நீண்டு வளைந்து வந்தது பதிவானது. பல் நீண்டால் நாக்கிலும் கன்னத்திலும் குத்தும், வேர்ப்பக்கம் தாடையைத் துளைக்கும். வலியில் முயல் சாப்பிடுவதை நிறுத்தும், சாப்பிடாத முயல் ஓரிரு நாளில் ஆபத்தான நிலைக்குப் போய்விடும். காய்ந்த புல்லை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாலே இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதால், இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

இதுவரை குறைவைப் பற்றியே பேசினேன். அதிகமானாலும் பல் கெடும், அதற்கு முதல் உதாரணம் ஃபுளூரைடு. கொஞ்சமாக இருந்தால் எனாமலுக்கு நல்லது. பல் உருவாகும் காலத்தில் அளவு மீறினால் எனாமல் சரியாக முதிராமல், நுண்துளைகளோடு, சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ வெளியே வந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ஐஸ்லாந்துக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்தவர்கள். அங்கே எரிமலைச் சாம்பலோடு ஃபுளூரைடும் புல்லின் மேல் படியும். 1783 ஜூனில் தொடங்கி மறுவருடம் பிப்ரவரி வரை நீடித்த லாகி வெடிப்பில் நாட்டின் ஆடுகளில் சுமார் 80 சதவீதமும், மாடுகளிலும் குதிரைகளிலும் ஏறக்குறையப் பாதியும் செத்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்த இளம் ஆடுகளின் வாயில், சரியாக அமையாத பற்கள் ஒழுங்கின்றித் தேய்ந்து, கடைவாயில் முள் போன்ற நீட்டங்கள் நின்றன. அலுமினிய ஆலைகளின் புகை படிந்த மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்கும் மான்களுக்கும் இதே நிலை பின்னாளில் வந்தது.

மாடுகளில் இது காலத்தை அப்பட்டமாகக் காட்டும். மாட்டின் கீழ்த்தாடையில் நான்கு ஜோடி முன்பற்கள். நிரந்தரப் பற்களில் நடு ஜோடி சுமார் இரண்டு வயதில் வரும், கடைசி ஜோடி மூன்றரை, நான்கு வயதில். ஒரு குறிப்பிட்ட வருடம் மட்டும் ஃபுளூரைடு அதிகமாகக் கிடைத்திருந்தால், அந்த வருடத்தில் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த ஜோடி மட்டும் திட்டுத்திட்டாக வரும், முன்னதும் பின்னதும் நன்றாக இருக்கும். பற்கள் எல்லாம் உருவாகி முடிந்த பெரிய மாட்டுக்கு அதே ஃபுளூரைடால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம், எனாமல் பாதிக்கப்படாது. பால் பற்களிலும் இது அரிதாகவே தெரியும், தாயின் நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் ஃபுளூரைடு அதிகம் போவதில்லை.

எனாமலில் ஒவ்வொரு நாளும் ஒரு நுண்கோடு விழுகிறது. நுண்ணோக்கியில் அதை எண்ணலாம். தாய்ப்பாலில் இருந்து வரும் பேரியம் அந்தப் படலங்களில் எவ்வளவு என்று அளந்து, காட்டு ஓராங்குட்டான் குட்டிகள் எட்டு வயதையும் தாண்டித் தாயிடம் பால் குடிப்பதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். காட்டில் பழம் கிடைக்காத காலங்களில் அவை மறுபடி பாலை நாடியதும் பல்லில் பதிவாகியிருந்தது. யாரும் பார்க்காத ஒரு குட்டியின் பசி அதன் பல்லில் எழுதியிருக்கிறது என்று முதலில் படித்தபோது வெகுநேரம் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். பல்லில் உள்ள குழி எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு பல்லில் மட்டும் என்றால் உணவைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த இடத்துப் பால் பல் அடிபட்டிருக்கும் அல்லது சீழ் பிடித்திருக்கும். பல பற்களில், இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கே ஒரு பட்டையாக ஓடினால் அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் உடல் முழுவதையும் தாக்கிய ஒன்று. பட்டை ஒவ்வொரு பல்லிலும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், ஏனென்றால் அந்த நாளில் ஒவ்வொரு பல்லும் வெவ்வேறு கட்டத்தில் இருந்தது. நாய்க்குட்டிகளில் இதற்கு நன்கு அறியப்பட்ட காரணம் டிஸ்டெம்பர் வைரஸ், அது எனாமல் கட்டும் செல்களையே தாக்கும். கடும் காய்ச்சலும், குடற்புழு மிகுந்து உடல் ஒடுங்கிப் போன காலமும் இதே மாதிரிக் கோடு போடலாம். மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்து நிறம் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால், தாய் சினையாக இருந்தபோதோ குட்டிக்கோ டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். பல் முழுவதும் பரவலாக மெலிந்து, கூடவே முன்னங்கால் வளைவு, மூட்டு வீக்கம், தாமதமான வளர்ச்சி எல்லாம் இருந்தால்தான் உணவுக் குறை என்று வலுவாகச் சந்தேகிப்பேன்.

கால்சியம் மாத்திரை ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் குட்டிகளின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கிரேட் டேன் என்ற பெரிய இன நாய்க்குட்டிகளில் செய்த ஆய்வுகள், கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்குவதைக் காட்டின. வளரும் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான தீனியைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதில் கால்சியமும் பாஸ்பரஸும் வைட்டமின் டி-யும் கணக்காகவே இருக்கும், மேலே எதையும் சேர்க்க வேண்டாம். ஈரல் எண்ணெயையும் கைக்கு வந்தபடி ஊற்றாதீர்கள், வைட்டமின் ஏ-யும் டி-யும் உடலில் தங்கி நஞ்சாகும். வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதை ஒரு கால்நடை ஊட்டச்சத்து வல்லுநரிடம் காட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சதையும் சோறும் என்று கண்ணளவில் போடும் உணவில் கால்சியம் ஏறக்குறைய எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும்.

பாதிக்கப்பட்ட பல்லுக்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. எனாமல் இல்லாத இடத்தில் டென்டின் வெளியே தெரிவதால் சூடும் குளிரும் கூசும், பற்காரை சீக்கிரம் படியும். கால்நடைப் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வேர் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார். குழியைப் பிசின் பூச்சால் அடைத்து மூடலாம். வேரும் கெட்டிருந்தால் அந்தப் பல்லை எடுத்துவிடுவது குட்டிக்கு நிம்மதி. மற்றபடி நாய்களுக்கான பற்பசையால் தினம் துலக்குங்கள், மனிதர்களுக்கானது வேண்டாம். கூச்சம் அடங்கும்வரை கடினமான பொருளைக் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நாய் பின்னாளில் குட்டி போடுவதாக இருந்தால் உணவுக் கவனத்தை அது சினையானதுமே தொடங்குங்கள். குட்டிகளின் பால் பற்கள் வயிற்றுக்குள்ளேயே உருவாகத் தொடங்கிவிடும். நிரந்தரப் பற்களின் எனாமல் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பமாகும். சினையின் கடைசி வாரங்களிலிருந்து பால் மறக்கும்வரை தாய்க்கும் குட்டிகளுக்கான வளர்ச்சித் தீனியையே கொடுங்கள். தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் தள்ளிப்போடாதீர்கள். குட்டிகளை நான்கு மாதம் வரை அங்கே இங்கே மாற்றாமல் ஒரே நல்ல தீனியில் வையுங்கள். உங்கள் குட்டியின் பற்களைப் பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் உதட்டைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பினால், அந்தப் பட்டை எந்த வாரத்தில் விழுந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்.